மருத்துவரும் மாற்றலும்: சில இல்லறங்களின் வரலாறு

கொல்கத்தாவில் வாழும் நம்மவர்களிடம் "நீங்க எப்படி இந்த ஊருக்கு வந்தீங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் ஓர் ஆபீஸின் பெயர்தான் பதிலாக வரும். ரயில்வே, ஏ.ஜி. ஆபீஸ், பாங்க், ஜியாலஜிகல் சர்வே, இல்லாவிட்டால் அந்தக் காலத்து கிளைவ் ஸ்ட்ரீட் கம்பெனி ஒன்றில் ஸ்டெனோ வேலை. இவற்றுக்கு நடுவே சில பெண்மணிகள் "அவர் டாக்டர், அவரோட வந்தோம்" என்பார்கள். என் பதில் இதையே கொஞ்சம் திருப்பிப் போட்டது: "என் மனைவி டாக்டர், அவங்களோட வந்தேன்." இதைக் கேட்டவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு "அப்போ நீங்க?" என்பார். கேள்வியில் தப்பில்லை. பெண்சாதி பின்னால் வந்தால் அதற்குக் காரணம் கேட்பதில்லை; புருஷன் பின்னால் வந்தால் கேட்கிறோம்.

அந்தக் கேள்விக்கு ஏறக்குறைய நூற்றைம்பது வருஷத்து வரலாறு உண்டு. அதில் ஒரு பெரும்பகுதி நாம் தினமும் பஸ்ஸில் கடந்து போகிற தெருக்களிலும், ஹவுராவிலிருந்து லோக்கல் ரயிலில் போய் வரக்கூடிய ஊர்களிலும் நடந்தது. மருத்துவர்களின் சாதனைகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் பெட்டி கட்டியவர்களைப் பற்றி அதிகம் எழுதவில்லை. அவர்களைப் பற்றித்தான் இக்கட்டுரை.

முதலில் சர்க்கார் பக்கம். ஐ.எம்.எஸ். எனப்பட்ட இந்திய மருத்துவப் பணி அடிப்படையில் ராணுவப் பணியாகும். கம்பெனி ஆட்சியின் கடைசிக் காலத்தில், 1855-இல், இதற்குப் போட்டித் தேர்வு வந்தது. அதில் தேறி உள்ளே நுழைந்த முதல் இந்தியர் சூர்யகுமார் குடீவ் சக்ரவர்த்தி என்ற வங்காளி. மாவட்டந்தோறும் இருந்த சிவில் சர்ஜன்கள் பலர் ராணுவத்திடமிருந்து சிவில் நிர்வாகம் இரவல் வாங்கி வைத்திருந்தவர்கள்தான். சண்டை வந்தால் ராணுவம் திரும்ப அழைத்துக்கொள்ளும். சண்டை இல்லாத காலத்திலும் ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றல். பல ஊர்களில் சிவில் சர்ஜனே ஜெயிலுக்கும் சூப்பரின்டெண்டெண்ட். ஆகவே அந்தக் குடும்பத்தின் வாழ்க்கை ஆஸ்பத்திரிக்கும் ஜெயிலுக்கும் நடுவில் ஒரு பங்களாவில் கழிந்தது. இந்த ஏற்பாடு முழுவதும் ஒரு அனுமானத்தின் மேல் நின்றது: டாக்டர் ஆண்பிள்ளை, அவருக்கு ஒரு மனைவி இருப்பாள், சொன்ன இடத்துக்கு அவள் வருவாள். 1947 ஆகஸ்டில் ஐ.எம்.எஸ். கலைந்தது. ஆனால் அந்த அனுமானம் ரயில்வே, ராணுவம், மாநில சர்க்கார் என எல்லா மருத்துவத் துறைகளுக்கும் பரம்பரைச் சொத்தாக வந்து சேர்ந்தது.

மனைவி டாக்டரானால் என்ன ஆகும் என்ற கேள்வியைச் சர்க்கார் யோசிப்பதற்கு முன்பே ஒரு தபால் குமாஸ்தா யோசித்தார்.

கோபால்ராவ் ஜோஷி, மராட்டியர். 1874-இல் கல்யாணில் ஒன்பது வயதுச் சிறுமி யமுனாவை மணந்து, ஆனந்தி என்று பெயரை மாற்றினார். மனைவி படிக்க வேண்டும் என்பது அவருக்குப் பிடிவாதம். மாமனார் வீட்டுச் சூழலில் அது நடக்காது என்று கண்டதும் அவர் செய்த காரியம், அலிபாகுக்கு மாற்றல் வாங்கியது. அங்கிருந்து கோல்ஹாப்பூர், பம்பாய், கட்சிலுள்ள பூஜ், கடைசியில் 1881 வாக்கில் கல்கத்தா, பாரக்பூர், செராம்பூர் என்று தபால் இலாகா வரைபடத்தில் பாதியை அந்தத் தம்பதி சுற்றிவிட்டார்கள். மாற்றல் என்றால் நமக்கெல்லாம் தண்டனை. அவருக்கு அது ஒரு கருவி. பதினான்கு வயதில் ஆனந்திக்குப் பிறந்த ஆண் குழந்தை பத்தே நாளில் இறந்தது. தக்க வைத்தியம் கிடைத்திருந்தால் பிழைத்திருக்கும் என்ற எண்ணம் ஆனந்தியை மருத்துவத்தின் பக்கம் திருப்பியதாகச் சொல்வார்கள்.

கோபால்ராவை முன்மாதிரிக் கணவர் என்று மேடைகளில் புகழ்வதுண்டு. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. படிக்காமல் அடுப்படியில் நின்றதற்காக அவர் மனைவியை அடித்திருக்கிறார். சிறு வயதில் வாங்கிய அடிகளை ஆனந்தியே பிற்பாடு அமெரிக்காவிலிருந்து அவருக்கு எழுதிய கடிதத்தில் எடுத்துச் சொல்லியிருக்கிறார். அத்தனை ஊர் மாற்றலில் ஒன்றைக்கூட ஆனந்தி கேட்டு வாங்கவில்லை. பின்னால் போவது மட்டும் இழுபடுவதல்ல, முன்னால் தள்ளப்படுவதும் ஒருவகை இழுபடல்தான் போலும்.

1883 பிப்ரவரி 24-ஆம் தேதி செராம்பூர்க் கல்லூரி மண்டபத்தில் அந்தப் பதினேழு வயதுப் பெண் ஆங்கிலத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். ஏன் அமெரிக்கா போகிறாய், ஏன் தனியாகப் போகிறாய், திரும்பி வந்தால் ஜாதியில் சேர்ப்பார்களா என்று ஊர் கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொன்னார். மெட்ராஸில் ஒரு மருத்துவக் கல்லூரி இருப்பதைத் தாம் அறிந்திருப்பதையும் அதில் குறிப்பிட்டு, அது தமக்கு ஏன் ஒத்துவராது என்றும் விளக்கினார். செராம்பூர் இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை; மாங்காயும் உப்பும் விற்கிற அந்த லோக்கலில் ஒருமுறை போய்க் கல்லூரியைப் பார்த்துவிட்டு வாங்க.

நகைகளை விற்றுக் கப்பலேறினார் ஆனந்தி. கணவர் கூடப் போகவில்லை; வேலையும் பணமும் இடம் கொடுக்கவில்லை. நியூஜெர்ஸியில் கார்ப்பெண்டர் என்ற அம்மையார் வீட்டில் தங்கி, பின்னர் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். ஃபிலடெல்ஃபியா குளிர், புடவை, சைவச் சாப்பாடு. எலும்புருக்கி நோய் அங்கேயே பற்றிக்கொண்டது. கோபால்ராவ் 1885-இல்தான் போய்ச் சேர்ந்தார். இப்போது அவர்தான் பின்னால் வந்தவர். மனைவியின் கல்லூரி நண்பர்கள் நடுவே, மேல்நாட்டாரைக் குறை சொல்லும் சொற்பொழிவுகள் செய்துகொண்டு அவர் காலம் கழித்தார் என்று அறிகிறோம். ஆள் நிலைகொள்ளாமல் தவித்தார் என்றே நான் படிக்கிறேன். 1886 மார்ச் 11-ஆம் தேதி ஆனந்தி பட்டம் பெற்றார். கோல்ஹாப்பூர் சமஸ்தானம் ஆல்பர்ட் எட்வர்ட் ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டை அவரிடம் ஒப்படைப்பதாக எழுதியது. இந்த முறை குடும்பம் மாற வேண்டியது டாக்டரம்மாவின் வேலைக்காக. மாறவில்லை. 1887 பிப்ரவரி 26-ஆம் தேதி, 22 வயது நிறையும் முன்பே, பூனாவில் இறந்துபோனார். அஸ்தியை கோபால்ராவ் கார்ப்பெண்டர் அம்மையாருக்கு அனுப்பினார். நியூயார்க் மாநிலத்துப் போக்கீப்ஸியில் அவர்கள் குடும்பக் கல்லறைத் தோட்டத்தில் அது இருக்கிறது.

ஆனந்தி வேண்டாமென்று சொன்ன மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் கதைக்கு வருவோம். 1875-இல் அங்கே நான்கு பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் மேரி ஷார்லீப். மெட்ராஸில் பாரிஸ்டராக இருந்த வில்லியம் ஷார்லீபின் மனைவி. திருமணமாகிக் கணவர் பின்னால் இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தவர். 1878-இல் மெட்ராஸ் சான்றிதழைப் பெற்றவுடன், மேல்படிப்புக்காகப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு லண்டன் போய்விட்டார். கணவர் மெட்ராஸில் வழக்காடிக்கொண்டிருந்தார். ஐந்து வருஷம் இப்படி. 1883-இல் திரும்பி வந்து, 1885-இல் கோஷாப் பெண்களுக்கென்று ஓர் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். திருவல்லிக்கேணிப் பக்கத்துப் பாட்டிகள் இன்றும் "கோஷா ஆஸ்பத்திரி" என்று சொல்வது அதைத்தான். 1887-இல் உடம்பு முடியாமல் மறுபடி லண்டன். கணவர் இங்கேயே. அந்தத் தம்பதி ஒரே ஊரில் சேர்ந்திருந்த வருஷங்களை யாராவது கூட்டிப் பார்த்தால் தெரியும், இப்போது நம் பிள்ளைகள் ஒருவர் பெங்களூரு ஒருவர் புனே என்று இருப்பதைப் புது யுகத்தின் கோலம் என்று அலுத்துக்கொள்வதில் பாதிக்கு மேல் நியாயமில்லை என்பது.

அதே சமயத்தில் இங்கே, கார்ன்வாலிஸ் ஸ்ட்ரீட் 13-ஆம் எண் வீட்டில் வேறுவிதமான ஓர் இல்லறம் நடந்துகொண்டிருந்தது. இன்றைய விதான் சரணி. சாதாரண பிரம்ம சமாஜ மந்திருக்கு எதிர்ப்புறம். பாகல்பூரில் பிறந்த காதம்பினி 1883-இல் பி.ஏ. பட்டம் பெற்றார், அவரும் சந்திரமுகி பாசுவும்தான் நம் நாட்டில் முதலில் பட்டம் பெற்ற பெண்கள். அதே வருஷம் துவாரகாநாத் கங்குலியை மணந்தார். மாப்பிள்ளைக்கு முப்பத்தொன்பது வயது, மனைவியை இழந்தவர், வளர்ந்த பெண் வேறு. பிரம்ம சமாஜத்திலேயே பலர் முகம் சுளித்தார்கள். திருமணத்தோடு மருத்துவக் கல்லூரியிலும் சேர்ந்து, 1886-இல் காதம்பினி டாக்டரானார்; 1888-இல் லேடி டஃபரின் பெண்கள் ஆஸ்பத்திரியில் மாதம் 300 ரூபாய் சம்பளத்தில் வேலை.

இந்த வீட்டில் யாரும் யாருக்காகவும் ஊர் மாறவில்லை. கல்கத்தாவே இடமாக இருந்தது. ஆனால் இருவருமே கால் தரிக்காதவர்கள். துவாரகாநாத் அசாம் தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் நிலையை நேரில் பார்த்து எழுதப் போய்விடுவார். காதம்பினி ராத்திரி பகல் பாராமல் பிரசவக் கேஸ்களுக்குக் குதிரை வண்டியில் போவார். போகிற வழியில் வண்டிக்குள்ளேயே லேஸ் பின்னுவாராம். நேப்பாள அரச குடும்பத்துக்கு வைத்தியம் பார்க்கவும் போய் வந்தார். முதல் தாரத்துப் பெண் விதுமுகியை உபேந்திரகிஷோர் ராய் மணந்தார்; அவர்களும் அதே வீட்டில் ஒரு பகுதியில் இருந்தார்கள். சுகுமார் ராய் பிறந்தது அங்கே. சத்யஜித் ராயின் தகப்பனார்தான் அந்த சுகுமார். ஆக ஒரு பெரிய கூட்டுக் குடித்தனம். அந்தக் கூட்டுக் குடித்தனம் இல்லாவிட்டால் 1893-இல் காதம்பினி எடின்பரோ போயிருக்க முடியுமா என்பது சந்தேகம். பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகக் கப்பலேறி, ஸ்காட்லாந்தில் மூன்று மருத்துவத் தகுதிகளைப் பெற்றுத் திரும்பினார். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டை விட்டு ஓர் அம்மா போவது! இன்றைக்கு டி.எம். படிக்கப் பெண் வேற்றூர் போனால் பேரனைப் பார்த்துக்கொள்ள மயிலாப்பூரிலிருந்து பாட்டி ரயிலேறுகிறாள் அல்லவா, அந்த ஏற்பாட்டின் பழைய வடிவம் இது.

ஊர் சும்மா இருக்கவில்லை. 1891-இல் 'பங்கபாசி' பத்திரிகை அவரை நடத்தை கெட்டவள் என்று பொருள்படும்படி எழுதியது. துவாரகாநாத்தும் நண்பர்களும் கோர்ட்டுக்குப் போனார்கள். ஆசிரியருக்கு ஆறு மாதச் சிறையும் 100 ரூபாய் அபராதமும் கிடைத்தது. டாக்டரம்மாவின் புருஷன் செய்ய வேண்டிய வேலைகளில் அந்தக் காலத்தில் இதுவும் ஒன்று. 1898-இல் அவர் காலமானார். காதம்பினி 1923 அக்டோபர் 3-ஆம் தேதி வரை, ஏறத்தாழ கடைசி நாள் மட்டும், வேலை செய்தார்.

இங்கே சட்டத்தின் பக்கமும் ஒரு பார்வை வேண்டும். மனைவி எந்த ஊரில், எந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று கோர்ட்டே தீர்மானித்த காலம் அது. பம்பாயில் ருக்மாபாய் பதினோரு வயதில் மணம் செய்து வைக்கப்பட்டவர். வளர்ப்புத் தந்தை சகாராம் அர்ஜுன் ஒரு டாக்டர். கணவர் தாதாஜி பிகாஜி 1884-இல் தம் வீட்டுக்கு வந்து வாழ வேண்டுமென்று வழக்குப் போட்டார். 1887 மார்ச்சில் தீர்ப்பு: கணவன் வீட்டுக்குப் போ, இல்லாவிட்டால் ஆறு மாதம் சிறை. சிறைக்கே போகிறேன் என்றார் அந்தப் பெண். மறு வருஷம் 2000 ரூபாய் கொடுத்துச் சமரசமாயிற்று. 1889-இல் லண்டன் போய் மருத்துவம் படித்துத் திரும்பி, சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பல பத்தாண்டுகள் பணிபுரிந்தார். யார் பின்னாலும் போக வேண்டியிராத டாக்டர்.

இதற்கு நேர்மாறாக ஹைமபதி சென். எனக்கு இந்த வரலாறு முழுவதிலும் மனசைப் பிடித்துக்கொண்டவர் இவர்தான். குல்னா பக்கத்துக் கிராமம். ஒன்பது வயதில் நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு வாழ்க்கைப்பட்டுச் சீக்கிரமே விதவையானார். காசியில் கொஞ்ச காலம், பிறகு கல்கத்தா பிரம்ம சமாஜம், அங்கே குஞ்சபிஹாரி சென்னோடு மறுமணம். குஞ்சபிஹாரி நல்ல மனிதர், தெய்வ சிந்தனை உள்ளவர், ஆனால் நிலையாக ஒரு வேலையில் இருந்து சம்பாதிக்கத் தெரியாதவர். குடும்பத்துக்கு ஒரு வருமானம் வேண்டும் என்ற ஒரே காரணத்தால் ஹைமபதி காம்பெல் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். நாம் என்.ஆர்.எஸ். என்று சொல்கிற, சியால்தா ஸ்டேஷன் பக்கத்து ஆஸ்பத்திரிதான் அந்தக் காம்பெல். வகுப்பில் முதலாவதாக வந்தார். பெண்ணுக்கா தங்கப் பதக்கம் என்று பையன்கள் கலாட்டா செய்ததால் அவருக்கு வெள்ளிப் பதக்கம்தான் கொடுத்தார்கள்.

1894-இல் ஹூக்ளி லேடி டஃபரின் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. குடும்பம் சுஞ்சுராவுக்கு மாறியது. கணவன் மனைவியின் உத்தியோகத்துக்காக ஊர் மாறினார் என்று இன்று நாம் பெருமையாகச் சொல்லலாம். வீட்டுக்குள் நிலைமை வேறு. விடியுமுன் எழுந்து சமையல், பிள்ளைகள், வார்டு, வெளிக் கேஸ் எல்லாம் ஹைமபதியுடையவை. சம்பாதித்த பணம் மட்டும் கணவர் கைக்குப் போய்விடும். ஐந்து பிள்ளைகளைப் பெற்றதோடு, கைவிடப்பட்ட குழந்தைகளையும் சேர்த்து வளர்த்தார். இதையெல்லாம் தாமே வங்காளியில் ஒரு கையெழுத்துப் பிரதியாக எழுதி வைத்தார். பல பத்தாண்டுகள் அது குடும்பத்தாரிடமே இருந்து, தபன் ராய்சௌதுரியின் ஆங்கில மொழிபெயர்ப்பில், ஜெரால்டின் ஃபோர்ப்ஸ் பதிப்பித்து 2000-இல் புத்தகமாக வந்தது. ஒரு டாக்டர் வீட்டில் பணம், படுக்கை, அடுப்பு, ஆஸ்பத்திரி என எல்லாம் எப்படி ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன என்பதை இவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் சொன்ன நூலை நான் வேறு படித்ததில்லை. காதம்பினிக்குச் சிலை வைக்கலாம், ஆனந்திக்குச் சினிமா எடுக்கலாம். ஹைமபதியைப் படிக்கத்தான் வேண்டும்.

ஊர் மாறுகிற டாக்டருக்கு இன்னொரு சங்கடம் உண்டு. மற்ற உத்தியோகஸ்தர் புது ஊரில் நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், வேலை தொடங்கிவிடும். தனியாகத் தொழில் செய்யும் டாக்டருக்கு அப்படி இல்லை. நம்மூரில் கைராசி என்கிறோமே, அது பத்து வருஷம் ஒரே தெருவில் உட்கார்ந்தால்தான் வரும். பெட்டியில் போட்டு எடுத்துப்போக முடியாது. போதாததற்குப் பதிவு வேறு. பம்பாயில் 1912-லும், மெட்ராஸிலும் வங்காளத்திலும் 1914-லும் மருத்துவப் பதிவுச் சட்டங்கள் வந்தன. ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு பதிவேடு. அகில இந்திய அளவில் கவுன்சில் 1933-இல்தான். அப்புறம் மொழி. என் மனைவி வங்காளியில் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தை வணக்கமோ விலையோ அல்ல, "கோதாய் பேத்தா?" அதாவது எங்கே வலிக்கிறது. அதை வைத்துக்கொண்டே மூன்று மாதம் ஓட்டினார்.

கணவன் பின்னால் போய், கைராசியைப் புதிதாகச் சம்பாதித்துக்கொண்ட ஒருவரை நம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கோணத்தில் அவரைப் பார்ப்பதில்லை. கேப்டன் லட்சுமி. மெட்ராஸில் 1914-இல் பிறந்து, 1938-இல் எம்.பி.பி.எஸ். முடித்து, மேரி ஷார்லீப் தொடங்கிய அதே கோஷா ஆஸ்பத்திரியில் பணிபுரிந்தவர். முதல் திருமணம் பம்பாயில் ஒரு விமானியோடு, அது நிலைக்கவில்லை. 1940-இல் சிங்கப்பூர், 1943-இல் நேதாஜியின் ஜான்சி ராணிப் படை. இந்தப் பகுதி எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதன் பிறகு 1947 மார்ச்சில் லாகூரில் பிரேம் சாகலை மணந்து, அவருடைய வேலை கான்பூரில் என்பதால் கான்பூர் போனார். பட்டாளத்தை நடத்தியவர், ஒரு மில் உத்தியோகஸ்தரின் மனைவியாகப் பாஷை தெரியாத ஊரில் போய் இறங்கினார். பிரிவினை அகதிகள் வந்து குவிந்த வருஷம் அது; வைத்தியத்துக்குப் பஞ்சமே இல்லை. பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றைத் தொடங்கி ஏழைப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்தார். 1984 கலவரத்தின்போது தம் ஆஸ்பத்திரி இருந்த தெருவில் சீக்கியர்களுக்குத் தீங்கு வராமல் தாமே இறங்கி நின்றார். பிரேம் சாகல் 1992-இல் காலமானார். பின்னால் போவதற்கு இனி யாரும் இல்லை; மெட்ராஸ் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. தொண்ணூறு வயதைத் தாண்டியும் தினம் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, 2012 ஜூலை 23-ஆம் தேதி தமது 97-ஆவது வயதில் கான்பூரிலேயே மறைந்தார். உடலை அந்த ஊர் மருத்துவக் கல்லூரிக்கே கொடுக்கச் சொல்லியிருந்தார். வந்த ஊர் எப்போது சொந்த ஊராகிறது என்று நம் சங்கத்தில் அடிக்கடி பட்டிமன்றம் வைக்கிறோம். அடுத்த தடவை யாராவது கான்பூரைப் பற்றியும் பேசலாம்.

இருவரும் சர்க்கார் சேவையில் இருந்தால் கதை வேறு மாதிரி. தில்லியில் வளர்ந்த தமிழ்ப்பெண் பத்மாவதி சுவாமிநாதன் பூனா ராணுவ மருத்துவக் கல்லூரியில் படித்து 1968-இல் விமானப்படையில் சேர்ந்தார். விமானப்படை அதிகாரியான சதிநாத் பந்தோபாத்யாயைத் திருமணம் செய்துகொண்டார். நமக்கு வங்காள சம்பந்தம்! 1971 போரின்போது பஞ்சாபில் ஹல்வாரா தளத்தில் பணி. ஒரே விழாவில் விசிஷ்ட சேவா பதக்கம் பெற்ற முதல் விமானப்படைத் தம்பதி அவர்கள். 2002-இல் விமானப்படையின் முதல் பெண் ஏர் வைஸ் மார்ஷல், பிறகு முதல் பெண் ஏர் மார்ஷல். கணவர் விங் கமாண்டர். வீட்டில் யாருக்கு யார் சல்யூட் அடிப்பது என்று வேடிக்கையாகக் கேட்பார்கள். வேடிக்கையை விடுங்கள், உயர்ந்து கொண்டே போகிற மனைவியின் பக்கத்தில் முகம் சுருங்காமல் நிற்பதற்கு எந்தப் பதக்கமும் கிடையாது. ராணுவ மருத்துவர் குடும்பங்களுக்கு இதைவிடக் கஷ்டமான ஒன்று, குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாத எல்லைப்புறப் போஸ்டிங். இரண்டு வருஷம், மூன்று வருஷம் வீடு ஓரிடம், டாக்டர் ஓரிடம்.

கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பது மத்திய சர்க்காரின் காகிதத்தில் தெளிவாக ஏறியது 1986 ஏப்ரல் 3-ஆம் தேதிதான். கூடிய மட்டும் இருவரையும் ஒரே ஊரில் போட வேண்டும் என்று அன்று ஒரு சுற்றறிக்கை. 1997-இல் அதை வலுப்படுத்தினார்கள்: பிள்ளைகளுக்குப் பத்து வயது ஆகிறவரை தவறாமல் ஒரே இடத்தில். 2009 செப்டம்பர் 30-இல் அந்த வயது பதினெட்டாயிற்று. இது விதி என்பதைவிட வழிகாட்டுதல். காலியிடம் இருந்தால் என்ற சொற்றொடர் கூடவே வரும். சிவில் சர்ஜன் காலத்து அனுமானம் மாறுவதற்கு ஏறக்குறைய நூற்றுமுப்பது வருஷம் பிடித்தது.

அந்தச் சுற்றறிக்கையின் நகலை நானும் மனுவோடு இணைத்து அனுப்பியவன். மனைவிக்கு ஒரு ரயில்வே ஜங்ஷனில் ஆஸ்பத்திரி வேலை, எனக்கு வேறொரு மாநிலத்தில் கணக்கு இலாகா. என் மேலதிகாரி ஒருவர் மனுவைப் படித்துவிட்டு, "சாதாரணமா லேடீஸ்தானே இந்த மனு போடுவாங்க, நீங்க போட்டிருக்கீங்களே" என்று உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார். பதில் வர எட்டு மாதம் ஆயிற்று. அதற்குள் பெண்ணுக்கு மூன்றாவது வகுப்பில் டி.சி. வாங்கியாயிற்று, காஸ் சிலிண்டரை ஒப்படைத்து வவுச்சர் வாங்கியாயிற்று, ரேஷன் கார்டில் பெயர் அடித்தாயிற்று. அவள் இரண்டாம் மொழியாகத் தமிழில் தொடங்கி, ஹிந்தியில் நடந்து, வங்காளியில் பரீட்சை எழுதினாள். இன்று மூன்றும் பேசுகிறாள். தமிழில் கடிதம் எழுதச் சொன்னால் மட்டும் போன் பண்ணிவிடுகிறாள். ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி ஆள் கதவைத் தட்டினால், மனைவி செருப்பை மாட்டுவதற்குள் டார்ச்சையும் ஃபிளாஸ்க்கையும் எடுத்துக் கொடுப்பது என் வேலையாக இருந்தது. துவாரகாநாத்தும் செய்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த மலரின் வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. கரக்பூர், ஆத்ரா, சக்ரதர்பூர், ஜாம்ஷெட்பூர் என்று இந்தப் பக்கத்து ரயில்வே, இரும்பாலை ஊர்களுக்கெல்லாம் தமிழ் டாக்டர்கள் வந்திருக்கிறார்கள், அவர்களுடைய குடும்பங்களும் வந்திருக்கின்றன. டாக்டரின் பெயர் ஆஸ்பத்திரிப் பலகையில் இருக்கும். கூட வந்தவர் எந்த வேலையை விட்டுவிட்டு வந்தார், எந்தப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர முயன்றார், பாட்டுக் கிளாஸ் எடுத்தாரா, எந்த வருஷம் எந்த குவார்ட்டர்ஸ் என்பதெல்லாம் எங்கும் எழுதப்படவில்லை. வீட்டுப் பரணில் மாற்றல் உத்தரவு, பழைய ரயில்வே பாஸ், குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டுக் கடிதம், மாமியாருக்கு எழுதிய இன்லண்ட் லெட்டர் ஏதாவது இருந்தால் தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சங்க நூலகத்தில் ஓர் அலமாரி காலியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் நான் அங்கே இருப்பேன். பிரதி எடுத்துக்கொண்டு அசலை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.